செகண்ட் ஹேண்ட் டிசைனர் பை: ஒரிஜினல் என்று யார் சொல்வது?

டிஸ்கி: ஹேண்ட்பேக் பற்றிய கட்டுரை என்று பசங்க யாரும் ஓடிவிட வேண்டாம். இதில் பாதி சட்டம், பாதி வியாபாரம். நடுவில் கைக்கடிகாரமும் வருகிறது :-)

எங்கள் வகுப்பில் இப்போது ஒரு புது வியாதி. பாடம் நடக்கும்போதே பெஞ்சுக்குக் கீழே மொபைலை வைத்துக்கொண்டு பழைய லூயி விட்டான், குச்சி, கோச் பைகளையும் பர்ஸ்களையும் தள்ளித் தள்ளிப் பார்ப்பது. புதுசு வாங்க நாலைந்து மாதச் சம்பளம் வேண்டும் (சம்பளம் வாங்குகிறவர்களுக்கு!). பழசு என்றால் அதில் பாதி, சில சமயம் கால்வாசி. படத்துக்குப் பக்கத்தில் ஒரு பச்சை டிக் இருக்கும்: "அசல் என்று சரிபார்க்கப்பட்டது". அதைப் பார்த்ததும் எல்லோருக்கும் மனசு லேசாகிவிடுகிறது.

என் வாதமே அந்த டிக் பற்றியதுதான். அது உண்மைச் சான்றிதழ் இல்லை, ஒரு கடைக்காரரின் அபிப்பிராயம். உண்மை தெரிந்த ஒரே ஆள் பையைச் செய்த கம்பெனி. அது வாயைத் திறக்காது. கோபப்பட வேண்டியது அங்கேதான் என்பது என் கட்சி.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். பழைய பொருள் வாங்குவதை நான் கேவலமாக நினைக்கவில்லை. பழைய புத்தகக் கடையில் பாடப்புத்தகம் வாங்கிப் படித்த கூட்டம்தானே நாம். புதுப் பைகளின் விலையைப் பார்த்தால் பழசு வாங்குகிறவர்தான் புத்திசாலி என்று தோன்றுகிறது. ஷனெல் கம்பெனியின் நடுத்தர அளவு கிளாசிக் ஃபிளாப் பை 2024-ல் ஐரோப்பாவில் 10,000 யூரோவைத் தாண்டியது. 2019-ல் இருந்த விலையைப் போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஐந்து வருடத்தில் மாடு தோலை இரண்டு மடங்கு நன்றாக வளர்க்கக் கற்றுக்கொண்டதா என்ன? அதே 2024-ல் இத்தாலியில் மிலான் நீதிமன்ற விசாரணையில் வெளிவந்த கணக்கு இன்னும் அழகு. 2,600 யூரோவுக்கு விற்கும் ஒரு டியோர் பையைத் தைத்துக் கொடுத்ததற்கு ஒப்பந்தக்காரருக்குக் கிடைத்தது 53 யூரோ. தோல் முதலான பொருட்களின் செலவு தனி. இருந்தாலும் படித்ததும் வயிறு எரிந்தது.

ஜப்பானில் இது பல காலமாக கௌரவமான வியாபாரம். நகோயாவில் 1947-ல் பழைய துணிக்கடையாகத் தொடங்கிய கோமேஹ்யோ இன்று பழைய பிராண்டட் பைகளையும் கடிகாரங்களையும் விற்கும் பெரிய கம்பெனி. அங்கே பழைய பொருள் வியாபாரத்துக்கென்றே 1949-லிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. உரிமம் வாங்க வேண்டும், விற்க வருகிறவர் யார் என்று சரிபார்த்து ஏட்டில் எழுத வேண்டும். திருட்டுப் பொருளைத் தடுக்கத்தான் அந்தச் சட்டம். ஆனால் ஏடு எழுதுகிற ஊரில் போலியை நுழைப்பதும் கொஞ்சம் கஷ்டமாகிவிடுகிறது.

பழசு என்பதற்காகவே விலை ஏறிய பையும் உண்டு. ஜேன் பர்க்கினுக்காக எர்மேஸ் செய்த முதல் பர்க்கின் பை 2025 ஜூலையில் பாரிஸில் சாதபீஸ் ஏலத்தில் 86 லட்சம் யூரோவுக்குப் போனது. அந்த அம்மா வருடக்கணக்கில் தூக்கி அலைந்த கீறல், ஸ்டிக்கர் ஒட்டிய தடம் எல்லாம் சேர்த்துத்தான் அந்த விலை. அது அசலா என்று யாரும் கேட்கவில்லை, அதன் சரித்திரம் ஊருக்கே தெரியும். நாம் பார்க்கும் பைகளுக்கு அந்தச் சரித்திரம் இல்லை.

இப்போது தங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாவின் வளையலை விற்கப் போனால் எந்தக் கடையிலும் உரைத்துப் பார்ப்பார்கள், எடை போடுவார்கள், இப்போது மெஷினில் வைத்து எத்தனை காரட் என்று காட்டுகிறார்கள். ஹால்மார்க் நகைக்கு ஆறு எழுத்து-எண் கொண்ட அடையாளம் கட்டாயமாகிவிட்டது. அதை நம் மொபைலிலேயே போட்டுப் பார்க்கலாம். செய்த ஆசாரி எதுவும் சொல்ல வேண்டியதில்லை. தங்கமே தன்னைப் பற்றிச் சொல்லும். விற்கிறவர், வாங்குகிறவர், அடகுக்கடைக்காரர், மூன்று பேரும் ஒரே உண்மையைத்தான் பார்க்கிறார்கள்.

பையில் எதை உரைப்பது? லூயி விட்டானின் பிரபலமான மோனோகிராம் பை பெரும்பாலும் தோலே இல்லை. பூச்சு ஏற்றிய பருத்திக் கித்தான். கைப்பிடியும் ஓரமும்தான் தோல். அந்தப் பூ, எழுத்து டிசைனை 1896-ல் ஜார்ஜ் விட்டான் கொண்டுவந்ததே, முந்தைய டிசைன்களைக் காப்பி அடித்துத் தள்ளினார்கள் என்பதற்காகத்தான். போலியைத் தடுக்கப் பிறந்த டிசைன்! இன்று உலகத்தில் அதிகம் போலி செய்யப்படுவதில் அதுவும் ஒன்று.

"உள்ளே நம்பர் இருக்கே?" என்று என் தோழி கேட்டாள். நிறைய பேர் நம்புவது அதைத்தான். பழைய லூயி விட்டான் பைகளில் இருக்கும் டேட் கோடு எங்கே, எப்போது செய்தது என்பதை மட்டும்தான் சொல்லும். ஒவ்வொரு பைக்கும் தனித்தனி எண் இல்லை அது. போலி செய்கிறவனுக்கு அதை அச்சடிக்கத் தெரியாதா? 2021-லிருந்து அந்தக் கம்பெனி டேட் கோடை விட்டுவிட்டு உள்ளே சின்ன சிப் வைக்கிறது. ஷனெலும் அதே வருடம் ஸ்டிக்கரிலிருந்து சிப் வைத்த உலோகத் தகட்டுக்கு மாறியது. நல்ல விஷயம்தான். ஆனால் அதில் பதிவாகியிருக்கும் விவரம் கம்பெனிக்குத்தான், காசு கொடுத்து வாங்கிய நமக்கில்லை.

ஆக நடுவில் இருக்கும் தளங்கள் நிபுணர்களை வைத்துப் பார்த்துச் சொல்கின்றன. தையல் எத்தனை, ஜிப்பில் என்ன எழுத்து, தோல் வாசனை எப்படி... இதில் உண்மையிலேயே கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். நியூயார்க்கில் தொடங்கிய என்ட்ரூப்பி என்ற கம்பெனி மைக்ரோஸ்கோப் கேமராவில் பையைப் படம்பிடித்து கம்ப்யூட்டரைக் கொண்டே முடிவு சொல்ல வைக்கிறது. ஆனால் ஒரு தளத்துக்கு நாளொன்றுக்கு வந்து குவியும் சரக்கை நினைத்துப் பாருங்கள். அமெரிக்காவின் தி ரியல்ரியல் 2011-ல் தொடங்கியபோது, நாங்களே பொருளை வாங்கி வைத்துச் சரிபார்த்துத்தான் விற்போம் என்றது. அதுதான் அதன் பெருமையே. 2019-ல் பங்குச் சந்தைக்கு வந்தது. அதே வருடக் கடைசியில், அவ்வளவாகப் பயிற்சி இல்லாத ஊழியர்களும் அசலா போலியா என்று முடிவு செய்கிறார்கள் என்று சிஎன்பிசி செய்தி போட்டது. பங்கு வாங்கியவர்கள் வழக்குப் போட்டார்கள். 2021-ல் 1.1 கோடி டாலர் கொடுத்து சமரசம் செய்துகொண்டார்கள். கவனியுங்கள், அந்த வழக்கு பங்கு வாங்கியவர்களுடையது, பை வாங்கியவர்களுடையது அல்ல.

போலி விற்றால் பொறுப்பு யாருடையது என்பதில் நீதிமன்றங்களுக்கே ஒத்த கருத்து கிடையாது. 2008 ஜூன் கடைசியில் பாரிஸ் நீதிமன்றம் ஈபே கம்பெனியை எல்விஎம்எச் குழுமத்துக்குக் கிட்டத்தட்ட 4 கோடி யூரோ கட்டச் சொன்னது (மேல்முறையீட்டில் 2010-ல் தொகை வெகுவாகக் குறைந்தது). இரண்டே வாரத்தில், ஜூலையில், நியூயார்க் நீதிமன்றம் டிஃபனி நகைக் கம்பெனி தொடுத்த வழக்கில் நேர் எதிராகச் சொன்னது: தன் பெயரில் போலி வருகிறதா என்று கண்காணிப்பது டிஃபனியின் வேலை, புகார் வந்தால் எடுத்துவிடுவதுதான் ஈபேயின் வேலை. ஒரே தளம், ஒரே மாதிரி குற்றச்சாட்டு. கடலுக்கு இந்தப் பக்கம் ஒரு நியாயம், அந்தப் பக்கம் ஒரு நியாயம்.

ஆனால் என்னை யோசிக்க வைத்தது வேறொரு வழக்கு. நியூயார்க்கின் வாட் கோஸ் அரவுண்ட் கம்ஸ் அரவுண்ட் என்ற பழைய ஆடம்பரப் பொருள் கடைமேல் ஷனெல் 2018-ல் வழக்குப் போட்டது. 2024 பிப்ரவரியில் ஜூரி 40 லட்சம் டாலர் கட்டச் சொன்னது. இதில் பேசப்பட்ட பைகளில் சிலவற்றின் கதை விசித்திரமானது. ஷனெலுக்குப் பை செய்துகொடுத்த ஓர் இத்தாலியத் தொழிற்சாலையிலிருந்து 2012-ல் வரிசை எண் ஒட்டிகள் திருடுபோயின. அந்த எண்களை ஷனெல் தன் ஏட்டில் செல்லாது என்று குறித்துக்கொண்டது. பின்னால் அந்த எண்களோடு பைகள் கடைக்கு வந்தன. ஒட்டி அசல். பை? ஷனெலின் ஏட்டில் அந்த எண்ணுக்குப் பை கிடையாது, ஆகவே போலி.

இப்போது வாங்கியவரின் இடத்தில் நின்று பாருங்கள். நிபுணர் பார்த்தார், ஒட்டி சரி என்றார். அந்த எண் செல்லாது என்பது ஷனெலின் ஏட்டில் மட்டும் இருக்கிறது. அந்த ஏட்டை வாங்கப் போகிறவரோ, விற்கிறவரோ, நிபுணரோ பார்க்க முடியாது. எங்கள் பை அசலா என்று எங்களால் மட்டும்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்பதுதான் நீதிமன்றத்தில் ஷனெலின் வாதம். சரி, சொல்லுங்களேன் என்று பழைய பையைத் தூக்கிக்கொண்டு அவர்கள் கடைக்குப் போனால் எழுதித் தர மாட்டார்கள். வினாத்தாளையும் விடைத்தாளையும் பூட்டி வைத்துக்கொண்டு, எழுதிய எல்லோரும் ஃபெயில் என்கிற வாத்தியார் மாதிரி இருக்கிறது இது.

அவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கும். கள்ளப் பையில் தங்கள் பெயர் இருந்தால் கோபம் வராதா, வரும். எண்களை வெளியிட்டால் போலி செய்கிறவர்கள் நல்ல எண்களைப் பொறுக்கிக்கொள்வார்கள் என்பதும் உண்மை. ஆனால் சந்தேகம் இருக்கிறவரைக்கும் பழைய பையின் விலை தாழ்ந்தே கிடக்கும், பயந்தவர்கள் புதுப் பை வாங்க வருவார்கள் என்ற கணக்கும் உள்ளே ஓடாமலா இருக்கும்? நான் நம்பவில்லை.

கடிகாரக்காரர்கள் செய்து காட்டிவிட்டார்கள். பதேக் பிலிப் பழைய கடிகாரங்களுக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு தன் ஏட்டிலிருந்து நகல் எடுத்துத் தந்திருக்கிறது: எப்போது செய்தது, எப்போது விற்றது. ரோலெக்ஸ் 2022 டிசம்பரில் பழைய கடிகாரங்களுக்குத் தானே சான்றும் இரண்டு வருட கேரண்டியும் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. முடியாது என்பதில்லை, மனசு வேண்டும்.

ஏடு இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல மாட்டேன். 2021 நவம்பரில் ஜெனீவா ஏலத்தில் ஒரு பழைய ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் 31 லட்சம் ஸ்விஸ் ஃபிராங்குக்குப் போனது. வாங்கியது ஒமேகாவேதான், தன் மியூசியத்துக்கு! 2023-ல் பார்த்தால் அது பல கடிகாரங்களின் உதிரி பாகங்களைச் சேர்த்துக் கோர்த்தது. இதில் தன் முன்னாள் ஊழியர்களுக்கே பங்கு இருந்தது என்று ஒமேகாவே சொன்னது. வேலியே பயிரை மேய்ந்த கதை. ஆனாலும் அந்த மோசடி வெளியே வந்து அம்பலமானது. பூட்டிய ஏட்டில் நடக்கும் தப்பு யாருக்குத் தெரியும்?

அதனால் நான் கேட்பது சின்ன விஷயம். ஏட்டை ஊருக்கே திறக்க வேண்டாம். கையில் பை வைத்திருப்பவர் கட்டணம் கட்டி அனுப்பினால் ஆம், இல்லை என்று ஒரு வரி எழுதிக் கொடுக்கட்டும். தானாகச் செய்யாவிட்டால் சட்டம் செய்ய வைக்கட்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சட்டத்தில், பொருட்களுக்கு டிஜிட்டல் பாஸ்போர்ட் கொடுக்கும் ஏற்பாடு இருக்கிறது, வகை வகையாகப் படிப்படியாக வரும். ஆனால் அது இனிமேல் சந்தைக்கு வரும் பொருட்களுக்குத்தான். ஏற்கெனவே அலமாரிகளில் தூங்கும் பைகளுக்கு இல்லை.

அதுவரை வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் (போவீர்கள், எனக்குத் தெரியும்) டிக்கைப் பார்க்காதீர்கள், திருப்பி அனுப்பும் விதியைப் படியுங்கள். போலி என்று தெரிந்தால் யார் முடிவு செய்வது, எத்தனை நாளைக்குள், முழுப் பணமா, அனுப்பும் செலவு யாருடையது? இதற்கு நேராகப் பதில் எழுதியிருக்கும் இடத்தில் பத்து சதவீதம் கூடக் கொடுத்தாலும் தப்பில்லை. நீங்கள் வாங்குவதே அந்தப் பதிலைத்தான். தளத்துக்கு வெளியே வாருங்கள், நேராக அக்கவுன்ட்டில் போடுங்கள், விலை குறைத்துத் தருகிறேன் என்று விற்கிறவர் சொன்னால் அங்கேயே விட்டுவிடுங்கள். பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். அசலை வாங்கிக்கொண்டு போலியைத் திருப்பி அனுப்பும் கில்லாடிகள் இருப்பதால் தளங்கள் உங்களையும் சந்தேகப்படும். தொங்கவிட்டிருக்கும் பாதுகாப்பு டேகை அறுத்துவிட்டால் பல இடங்களில் திருப்பி எடுக்க மாட்டார்கள். "சும்மா தோளில் மாட்டிப் பார்த்தேன்" என்பது அங்கே செல்லாது.

தெரிந்தே ஃபர்ஸ்ட் காப்பி வாங்குகிறவர்களைப் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை, அது அவர்கள் பாடு. ஆனால் அதை இரண்டு வருடம் கழித்து "கிஃப்டாக வந்தது, பில் இல்லை" என்று தளத்தில் ஏற்றுகிறவர்களைப் பற்றி நிறைய இருக்கிறது. நமக்குள்ளேயே அப்படிச் செய்தவர்கள் உண்டு. எதிர்முனையில் வாங்குவது இன்னொரு மாணவிதான்.

கடைசியாக, அசலாகவே இருந்தாலும் பழசு பழசுதான். பழைய லூயி விட்டான் பைகள் சிலவற்றில் உள் பாக்கெட்டின் பூச்சு வருடம் போகப் போக இளகிப் பிசுபிசுக்க ஆரம்பிக்கும், ஈரப்பதம் கூடிய ஊரில் இன்னும் சீக்கிரம். நம்ம சென்னைக் காற்றில் அது எத்தனை நாள் தாங்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். விற்கிறவர் வெளிப்பக்கத்தைப் பன்னிரண்டு படம் எடுத்துப் போட்டிருப்பார். உள் பாக்கெட்டுக்குள் ஒரு வெள்ளை டிஷ்யூவை வைத்து அழுத்தி எடுத்து ஒரு படம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.