செஞ்சிக்குப் போய்வந்த சிறுவன்



திண்டிவனத்தில் எங்கள் மாலை மதரஸாவுக்கு ஓத வரும் பிள்ளைகளுள் ஒருவன், ஏழாம் வகுப்பு மாணவன், பள்ளிக்கூடச் சுற்றுலாவில் செஞ்சிக் கோட்டைக்குப் போய்வந்த மறுநாள் முகம் வாடி உட்கார்ந்திருந்தான். காரணம் கேட்டேன், சொல்லவில்லை. மற்றப் பிள்ளைகள் எழுந்து போன பின்னர் அருகில் வந்து, "ஹஜ்ரத், ராஜா தேசிங்கைக் கொன்னது நம்ம ஆளா?" என்றான். பேருந்தில் பக்கத்தில் அமர்ந்திருந்த தோழன், "உங்க நவாப்தானே எங்க ராஜாவைக் கொன்னாரு" என்று கேட்டிருக்கிறான். சண்டை ஒன்றுமில்லை, விளையாட்டாகக் கேட்டதுதான். ஆயினும் திரும்பி வரும் வழியெல்லாம் இவன் வாய் திறக்கவில்லையாம்.

இக்கேள்வி இவ்வட்டாரத்து முஸ்லிம் இல்லங்களில் என்றேனும் ஒருநாள் எழத்தான் செய்யும். ஆகவே இம்மாதம் செஞ்சியைப் பற்றியே உங்களுடன் பேச விழைகிறேன்.

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் 28 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது செஞ்சி. இன்றும் ரயில் இல்லாத ஊர். விழுப்புரம் மாவட்டத்தின் ஒரு வட்டத் தலைநகர் என்றாலும், பேரூர் என்று சொல்லிவிட முடியாது. அறுவடைக் காலத்தில் அங்குள்ள ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நெல் மூட்டைகள் குவியும். சுற்றுவட்டாரக் கிராமத்தார் கையில் பணம் புரளும் நாட்கள் அவை. கோட்டையைக் காண வருவோரைவிட நெல்லையும் மணிலாவையும் விற்க வருவோரால் பிழைக்கும் ஊர் என்றே நான் அதைக் கருதுகிறேன்.

அதன் சுற்றுப்புறத்தைக் கவனியுங்கள். சிறுகடம்பூர்த் திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர்களின் உருவங்கள் ஒரே பாறையில் செதுக்கப்பட்டுள்ளன. உண்ணா நோன்பிருந்து உயிர்நீத்த சமண முனிவர்களின் கல்வெட்டுகளும் அங்குண்டு. தமிழ்ச் சமணர்களின் மடம் அருகே மேல்சித்தாமூரில் இருக்கிறது. சிங்கவரத்திலோ பல்லவர் காலத்துக் குடைவரையில் ரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். நம்மவர்களின் வீடுகளில் உருதும் தமிழும் கலந்து ஒலிக்கும். ஒருவர் மற்றவருடைய வேலிக்குள் எட்டிப் பார்க்காமலும், முகம் திருப்பிக் கொள்ளாமலும் பல நூற்றாண்டுகள் வாழ்ந்த மண் இது.

கோட்டையின் கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் இணைத்துச் சுற்றிவரும் மதிலின் நீளம் ஏறத்தாழ 13 கிலோமீட்டர். ஆனந்தக் கோன் என்னும் இடையர் தலைவர் அதைத் தொடங்கினார் என்பது மரபு. நாயக்கர்கள் அதைப் பெருங்கோட்டையாக்கினர். 1649இல் பீஜப்பூர் சுல்தானின் படை அதைப் பிடித்தது. 1677இல் சிவாஜி பிடித்தார். பின்னர் அவுரங்கசீப்பின் தளபதி ஜுல்பிகார் கான் ஏறக்குறைய எட்டாண்டுகள் முற்றுகையிட்டு 1698இல் கைப்பற்றினார். 1750இல் பிரெஞ்சுக்காரரிடமும், 1761இல் ஆங்கிலேயரிடமும் சென்றது. அங்கிருந்த வெங்கடரமணர் கோயிலின் தூண்கள் சில பிரெஞ்சுக்காரரோடு புதுச்சேரிக்குப் போய், இன்று கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கின்றன. மாலையில் காற்று வாங்கப் போகும் எத்தனை பேருக்கு அது தெரியும்?

எட்டாண்டு முற்றுகை என்று ஒரு வரியில் எழுதிவிட்டேன். அந்த எட்டாண்டுகள் சுற்றுக் கிராமங்களின் வைக்கோற்போரும் நெற்குதிரும் என்ன பாடுபட்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். உள்ளே இருந்த படைக்கும் சோறு வேண்டும். வெளியே இருந்த படைக்கும் வேண்டும்.

இனி அச்சிறுவனின் கேள்விக்கு வருகிறேன்.

ஜுல்பிகார் கான் வென்ற கோட்டைக்கு, மொகலாயர் பணியிலிருந்த சொரூப் சிங் என்னும் புந்தேல ராஜபுத்திரர் கில்லேதாராக அமர்த்தப்பட்டார். அவருடைய மகனே தேஜ் சிங்; நம் மக்கள் வாயில் தேசிங்கு. ஆக, "எங்க ராஜா" என்று அத்தோழன் சொன்னவருடைய குடும்பம் வடக்கே புந்தேல்கண்டிலிருந்து, ஒரு முஸ்லிம் பாதுஷாவின் உத்தரவோடு வந்தது. 1714இல் தந்தை இறந்தார். செய்தி அறிந்து மகன் செஞ்சிக்கு வந்து பொறுப்பேற்றார். அப்போது ஆற்காட்டில் கர்நாடகத்தின் நவாபாக இருந்தவர் சாதத்துல்லா கான். அவர் நவாயத் வகுப்பைச் சேர்ந்தவர். தந்தை வைத்துப்போன வரிப்பாக்கியைச் செலுத்துமாறு அவர் கேட்டார். தம் தந்தைக்குப் பாதுஷா அளித்த ஃபர்மான் இருக்கிறது என்றார் இளைஞர். அளித்த அவுரங்கசீப் மறைந்துவிட்டார், புதிய பாதுஷாவிடம் புதுப்பிக்க வேண்டும் என்றது ஆற்காடு. பாக்கி, பத்திரம், புதுப்பித்தல்! இன்றைய தாலுகா அலுவலகத்து வாசலில் கேட்கும் சொற்களே அன்று போருக்குக் காரணமாயின. இதில் தீனுக்கு என்ன வேலை?

1714 அக்டோபர் 3ஆம் நாள் போர் நடந்தது. நவாபின் படை பெரிது; தேசிங்கின் பக்கம் சில நூறு பேரே. ஆற்றில் வெள்ளம் வேறு. 22 வயது இளைஞர் களத்தில் மாண்டார். அவர் மனைவி உடன்கட்டை ஏறினார். அப்பெண்ணின் நினைவாகவே ராணிப்பேட்டை என்னும் ஊரை நவாப் உண்டாக்கினார் என்பது வழிவழியாக வரும் செய்தி.

ஆனால் அன்று தேசிங்கின் பக்கம் நின்று மாண்டவர்களுள் ஒருவர் பெயர் மகபத்கான். தேசிங்கின் உயிர்த்தோழர். பெரிய எழுத்துப் புத்தகங்களாகச் சந்தைகளில் விற்ற தேசிங்குராஜன் கதையைச் சிறுவயதில் படித்தவர்கள் இவரை மறந்திருக்க மாட்டார்கள். போர் மூண்ட வேளையில் வழுதாவூரில் தம் நிக்காஹின் கோலத்தில் இருந்தவர், தோழனின் ஓலை வந்ததும் மணப்பந்தலை விட்டுக் குதிரையேறினார் என்கிறது அக்கதை. கடலிக் கிராமத்தருகே அவருடைய அடக்கம் என்று ஓர் இடத்தை ஊரார் காட்டுகின்றனர். நம் சமுதாயத்தவர் இயற்றிய கதையன்று அது. தெருக்களில் பாடித்திரிந்த எளிய தமிழ்ப் பாணர்களின் கதை. ராஜா சிங்கவரத்து ரங்கநாதரின் பக்தர் என்று பாடிய அதே வாய்தான் அவருடைய முஸ்லிம் தோழரையும் பாடிற்று.

மறுபக்கத்தையும் பாருங்கள். சாதத்துல்லா கானின் வரலாற்றைச் சயீத்நாமா என்னும் பாரசீக நூலாக எழுதி அவரைப் புகழ்ந்தவர் யார்? ஜஸ்வந்த் ராய் என்னும் இந்து. நவாபின் திவானாக இருந்தவரும் தக்னி ராய் என்பவரே.

இவற்றையெல்லாம் அச்சிறுவனிடம் சொன்னேன். உடனே அவன், "அப்ப நவாப் நல்லவரா?" என்றான். அப்படியும் நான் சொல்லவில்லை. நம்மவர் சிலர் வெற்றி பெற்ற நவாப் என்றால் மேடையில் உரிமை கொண்டாடுவர். அவர் மீது பழி வந்தால், அவர் உண்மையான முஸ்லிமே அல்லர் என்று கைகழுவுவர். இரண்டும் எனக்குப் பிடிப்பதில்லை. கோட்டைக்குள் 1717-18இல் அவர் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. பள்ளி கட்டியவர் என்பதற்காக 22 வயது இளைஞரின் சாவை நியாயப்படுத்த வேண்டிய கடமை நமக்கில்லை. அச்சாவுக்காக முந்நூறு ஆண்டுகள் கழித்து ஒரு சிறுவன் தலைகுனிய வேண்டியதும் இல்லை. வரி கேட்டவர் ஓர் அதிகாரி; மறுத்தவர் ஓர் அதிகாரியின் மகன். என் பாட்டனாரும், அத்தோழனின் பாட்டனாரும் அன்று எங்கே இருந்திருப்பார்கள்? நெல்லைக் குதிரிலிருந்து எடுத்து ஒளித்து வைத்துக்கொண்டிருந்திருப்பார்கள்!

2025 ஜூலையில் இக்கோட்டையை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது நீங்கள் அறிந்ததே. மராத்தியர் தொடர்பான பன்னிரண்டு கோட்டைகளுள் ஒன்றாக அது சேர்க்கப்பட்டது; மற்றப் பதினொன்றும் மகாராஷ்டிரத்தில் உள்ளவை. மகிழ்ச்சிதான். எனினும் மராத்தியர் அங்கு இருந்தது இருபத்தோர் ஆண்டுகளே. கோனும் நாயக்கரும் பீஜப்பூராரும் ராஜபுத்திரரும் நவாபும் இருந்த இடம் என்பதைக் காணச் செல்வோர் தம் பிள்ளைகளுக்குத் தாமே சொல்லிக் கொடுக்கட்டும். குடும்பத்துடன் போகிறவர்கள் காலையிலேயே சென்றுவிடுங்கள். ராஜகிரியின் உயரம் சுமார் 800 அடி. வெயில் ஏறிவிட்டால் பெரியவர்களுக்குப் படியேற இயலாது. தண்ணீரும் மறவாமல் கொண்டு செல்லுங்கள்.

அச்சிறுவன் நான் சொன்னதைத் தன் தோழனிடம் போய்ச் சொல்லியிருக்கிறான். அடுத்த ஞாயிறு இருவரும் சேர்ந்து செஞ்சிக்குப் பேருந்து ஏறி, வழி கேட்டுக் கேட்டுக் கடலிவரை போய்வந்துவிட்டார்கள். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அதற்காக அன்றிரவு இரண்டு வீடுகளிலும் நடந்த விசாரணையில், தூண்டிவிட்டவர் ஹஜ்ரத் என்று இருவரும் ஒரே குரலில் சாட்சி சொல்லியிருக்கிறார்கள்.