கடலை மூடினார்கள், தரை வழி திறந்தே கிடந்தது

ஒரு நாட்டில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தால், "துறைமுகத்தை மூடுங்கள், கப்பல்களை மறியுங்கள்" என்று சிலர் உடனே சொல்லிவிடுகிறார்கள். குண்டு போடுவதைவிட இரக்கமான வழிதானே என்று நமக்கும் தோன்றும். அப்படிச் சொல்பவர்கள் ஹெய்ட்டியில் நடந்ததை ஒரு தடவை வாசிக்க வேண்டும்.

1990 டிசம்பர் தேர்தலில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் பெற்று ஜனாதிபதியானவர் அரிஸ்டைட். பதவியேற்று எட்டு மாதம்கூட ஆகவில்லை, ஜெனரல் செட்ராஸின் இராணுவம் அவரை நாட்டைவிட்டே துரத்தியது. அமெரிக்க நாடுகளின் அமைப்பு வர்த்தகத் தடை விதித்தது. 1993 ஜூனில் ஐ.நா. பாதுகாப்புச் சபை எண்ணெய்க்கும் ஆயுதத்துக்கும் தடை போட்டது.

அதற்குப் பலன் இருக்கவில்லை என்று சொல்ல முடியாது. அடுத்த மாதமே செட்ராஸ் பதவி விலகச் சம்மதித்துக் கையெழுத்திட்டார். பின்னர் தடையைத் தளர்த்தினார்கள். அவர் வாக்கு மாறினார். ஒக்டோபரில் மீண்டும் தடை வந்தது, இம்முறை போர்க்கப்பல்களுடன்.

ஆனால் ஹெய்ட்டி ஒரு தீவின் மேற்குப் பகுதி மட்டுமே. கிழக்கே டொமினிக்கன் குடியரசு. அந்த எல்லையால் பெற்றோல் கடத்தி வரப்பட்டது. அதில் இராணுவ அதிகாரிகளே காசு பார்த்தார்கள். விலை ஏறியது ஏழைக்கு. தொழிற்சாலைகள் மூடப்பட்டு வேலை போனதும் ஏழைக்குத்தான். உணவுக்கும் மருந்துக்கும் விலக்கு இருந்தது, உண்மை. லொறிக்கு எரிபொருள் இல்லாவிட்டால் அந்த மருந்து கிராமத்துக்கு எப்படிப் போகும்?

இன்னொன்று. படகேறித் தப்பியவர்களை அமெரிக்கக் கரையோரக் காவல்படை நடுக்கடலில் மறித்தது. 1992 மே முதல் இரண்டு வருடங்களாக, விசாரணைகூட இல்லாமல் அவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். பொருள் உள்ளே வரவும் வழியில்லை, மனிதன் வெளியே போகவும் வழியில்லை.

இராணுவ அதிகாரிகளும் குடும்பத்தாரும் வெளிநாடுகளுக்குள் நுழையப் பாதுகாப்புச் சபை தடை போட்டது எப்போது தெரியுமா? 1994 மே மாதம். ஆட்சி பறிபோய் இரண்டரை வருடம் தாண்டிய பிறகு!

1994 செப்டெம்பரில் அமெரிக்கப் படை விமானங்கள் கிளம்பிய பின்னர்தான் தளபதிகள் இறங்கி வந்தார்கள். ஒக்டோபர் 15இல் அரிஸ்டைட் நாடு திரும்பினார்.

தடையே கூடாது என்பதல்ல என் கருத்து. ஒருவன் செய்த குழப்பத்துக்கு முழு வகுப்பையும் வெயிலில் நிறுத்தினால், அவன் மர நிழலைத் தேடிப் போய் நிற்பான் என்பது எந்த ஆசிரியருக்கும் தெரியும். முதல் நாளே தளபதிகளின் விசாவிலும் வங்கிக் கணக்கிலும் கை வையுங்கள். கடத்தல் நடக்கும் எல்லையை அடையுங்கள். அதையெல்லாம் செய்யாமல் கடலை மட்டும் மறிப்பது, மக்களின் வாக்கைப் பறித்தவனை விட்டுவிட்டு வாக்களித்தவனைத் தண்டிப்பதாகும்.