லோகிதாசன் எதற்கு அழ வேண்டும்?

போன மாதம் நம் தளவாய்புரத்துப் பையன்கள் சிலர் வீட்டுக்கு வந்தார்கள். திருவிழாவுக்கு அரிச்சந்திரா நாடகம் போடுகிறார்களாம். "லோகிதாசன் வேஷத்துக்குப் பையன் எடுக்கணும், நீங்க வந்து உக்காருங்க சார்வாள்" என்றார்கள். பென்ஷன்காரனுக்கு வேறென்ன வேலை? போனேன்.

ஏழெட்டுப் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். வசனமும் கேட்கவில்லை, பாட்டும் கேட்கவில்லை. முதல் பையனிடமே, "ஏலே, உங்க அம்மா செத்துப் போயிட்டான்னு நெனச்சுக்கோ. அழு பாப்போம்" என்றார் நடத்துகிறவர். மூன்றாவதாக நின்றவனுக்கு எட்டு வயது இருக்கும். அம்மா நைட்டி தைக்கப் போகிறவள். அவன் முதலில் விழித்தான். பிறகு உதடு கோணி நிஜமாகவே அழுதுவிட்டான், நிறுத்த முடியவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு கேள்வி. லோகிதாசன் எங்கே அழுகிறான்? தர்ப்பை அறுக்கப் போகிறான், பாம்பு கடிக்கிறது, சாகிறான். அழ வேண்டியவள் சந்திரமதி. மயான காண்டத்தில் அவள் பாடிப் புலம்பி முடிக்கிறவரை பையன் அசையாமல் கிடக்க வேண்டும். கொசு கடித்தாலும் சிரிப்பு வந்தாலும் கிடக்க வேண்டும். சோதிக்க வேண்டியது அதை. அதை விட்டுவிட்டுப் பெரியவர்கள் பார்க்கிற நாடகத்துக்குச் சின்னப் பிள்ளையின் பயத்தை எடுத்துச் செலவழிக்கிறோம்.

"சிவாஜி, எம்.ஜி.ஆர். எல்லாம் இப்படி வந்தவங்கதானே" என்று உடனே ஒருவர் ஆரம்பித்தார். வாஸ்தவம். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கியபோது டி.கே. சண்முகத்துக்கு ஆறு வயது. வள்ளி, பவளக்கொடி என்று பெரியவர்கள் ரசிக்கிற காதல் நாடகங்களைப் பொடியன்கள் ஆடினார்கள். எம்.ஜி.ஆர். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனிக்குப் போனது வீட்டு வறுமையால். சிவாஜி, தான் ஓர் அநாதை என்று பொய் சொல்லித்தான் கம்பெனியில் சேர்ந்ததாகத் தன் வரலாற்றில் சொல்கிறார். தாய் தகப்பன் இருக்கிற பிள்ளை இல்லையென்று சொல்லி உள்ளே நுழைய வேண்டியிருந்தது. இதையா பெருமையாகச் சொல்வது? மகரக்கட்டு வந்து குரல் உடைந்ததும் மூட்டை கட்டி ஊருக்கு அனுப்பப்பட்ட பையன்களின் பெயர் நம்மில் யாருக்காவது தெரியுமா?

இப்போது சட்டம் இருக்கிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016இல் திருத்தி, மறு வருஷம் விதிகளும் வந்தன. நடிக்கிற பிள்ளையை ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, ஓய்வில்லாமல் மூன்று மணிக்கு மேல் கூடாது, அதன் விருப்பத்துக்கு மாறாக நடிக்க வைக்கக் கூடாது. கூலியில்லாத திருவிழா நாடகத்துக்கு அது செல்லுமா என்பதை வக்கீல்கள் பார்த்துக்கொள்ளட்டும். நம் கணக்கைப் பாருங்கள்: ராத்திரி பத்து மணிக்கு அரிதாரம் பூசினால் மயான காண்டம் வர மூன்று மணியாகும். காலையில் பள்ளிக்கூடம்.

மறுநாளே போய்ச் சொன்னேன். முதலில் கதையைச் சொல்லுங்கள், பாம்பு துணிப் பாம்பு என்று கையில் கொடுத்துக் காட்டுங்கள், அம்மாவைப் பக்கத்தில் உட்கார வையுங்கள், "உனக்கு வேண்டாம்னா வேண்டாம்" என்று பிள்ளையிடமே சொல்லுங்கள், அவன் காட்சியை ஒன்பது மணிக்குள் முடியுங்கள். "அப்ப நாடகத்தையே தலைகீழாப் போடணுமே" என்றார் நடத்துகிறவர். போடுங்களேன், யார் வேண்டாம் என்றது?

முகம் சுளித்தாலும் அடுத்த ஞாயிறு திரும்பக் கூப்பிட்டார்கள். அழுத பையன் வரவில்லை. வந்தவர்களில் ஒருவனைப் பாயில் படுக்கச் சொல்லி, சந்திரமதி வேஷக்காரர் முழுப் பாட்டையும் பாடினார். பையன் அசையவே இல்லை. குனிந்து பார்த்தால் நன்றாகத் தூங்கிவிட்டிருந்தான்.

"இவனையே எடுங்க" என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.