ஏட்டில் ஏறாத அக்கிரமங்கள்

காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளிக்குக் கணக்கின் அருமையை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பாவையும் ஊடையையும் ஜரிகையையும் எடை போட்டு, புத்தகத்தில் எழுதி வாங்காமல் அவர் தறிக்குழியில் கால் இறக்குவதில்லை. எழுதாமல் வாங்கிய நூலுக்கு எடை குறைந்துவிட்டதென்று கூலியில் கை வைத்தால் யாரிடம் போய் முறையிடுவது? ஏட்டில் இல்லாதது உலகத்திலேயே இல்லாதது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள்.

சாதியின் பேரால் நடக்கும் கொடுமைகளுக்கும் இந்நாட்டில் இதே கதிதான். அடி விழுகிறது, குடிசை எரிகிறது, காதலித்த பிள்ளைகள் பிணமாகிறார்கள். ஆனால் போலீஸ் ஸ்டேஷன் ஏட்டைப் புரட்டினால் அங்கே சாதி இல்லை! "வாய்த் தகராறு", "குடிபோதைச் சண்டை", "வரப்புத் தகராறு", "காதல் விவகாரம்" என்றுதான் எழுதியிருக்கும். சாதி வெறி சாலையிலே பகிரங்கமாக நடக்கிறது. ஏட்டிலே மட்டும் மாறுவேடம் பூண்டு நுழைகிறது. இந்த மாறுவேடத்தைக் கலைப்பது எப்படி என்பதே இன்று நம் முன் உள்ள கேள்வி.

2025 ஜூலையில் நெல்லையில் ஒரு வாலிபர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். நாடு கொதித்தது. அக்டோபரில், ஆணவக் கொலைகளைத் தடுக்கத் தனிச் சட்டம் இயற்றுவது குறித்துப் பரிந்துரைக்க, ஓய்வு பெற்ற நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் கமிஷன் அமைப்பதாகச் சட்டசபையில் அறிவிப்பு வந்தது. தனிச் சட்டம் வேண்டும் என்பது நெடுநாள் கோரிக்கை. ஆகவே அதை வரவேற்கிறோம். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எவ்வளவு நல்ல சட்டமானாலும், அது உயிர் பெறுவது போலீஸ் ஸ்டேஷனில் எழுதப்படும் முதல் தாளில்தான். அந்தத் தாள் பொய்யானால், பின்னால் வரும் வக்கீலும் நீதிபதியும் என்ன செய்ய முடியும்?

புகார் எப்படிச் சாகடிக்கப்படுகிறது என்பது தோழர்களுக்குத் தெரியாததல்ல. பாதிக்கப்பட்டவர் ஸ்டேஷனுக்குப் போகிறார். அவர் கேட்பது முதல் தகவல் அறிக்கை. கையில் கிடைப்பது சி.எஸ்.ஆர். ரசீது! "பார்க்கலாம், விசாரிக்கிறோம்" என்பதற்கு மேல் அந்த ரசீதுக்கு மதிப்பில்லை. பத்து நாள் அலைய விடுகிறார்கள். அதற்குள் எதிர்த் தரப்பிடம் ஒரு புகார் வாங்கி, அடித்தவன் பேரிலும் அடிபட்டவன் பேரிலும் இரண்டு வழக்கு தயாராகிறது. "நீயும் வாபஸ் வாங்கு, அவனும் வாபஸ் வாங்குவான்" என்று சமாதானம் பேசப்படுகிறது. முடிவில் "புகாரில் உண்மை இல்லை" என்று எழுதிக் கட்டை மூடிவிடுகிறார்கள். பிறகு அதே காகிதத்தைக் காட்டி, "பார்த்தீர்களா, வன்கொடுமைச் சட்டத்தில் எவ்வளவு பொய் வழக்கு!" என்று மேடையில் பேச ஆட்கள் இருக்கிறார்கள். சமாதானம் செய்து வைத்ததும் அவர்கள்தான், சமாதானத்தைப் பொய்யென்று எழுதியதும் அவர்கள்தான்!

இது இன்று நேற்றுத் தோன்றிய வழக்கமல்ல. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் ஒரே குடிசைக்குள் வைத்துக் கொளுத்தப்பட்டன. பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். அதன் பின் நியமிக்கப்பட்ட கணபதியா பிள்ளை கமிஷன் எதை ஆராய்ந்தது? கிழக்குத் தஞ்சையின் விவசாயத் தொழிலாளர் பிரச்சினையை! கூலிப் போராட்டம் உண்மை. கூடுதல் நெல் கூலிக்காகச் செங்கொடி பிடித்தார்கள் என்பதும் உண்மை. ஆனால் எரிந்தவர்கள் கூலிக்காரர்கள் மட்டுமா? சேரிக்காரர்களும் அல்லவா? கூலியும் சாதியும் பாவும் ஊடையும் போலப் பின்னிக் கிடந்த ஒரு கொடுமையில், ஒரு நூலை மட்டும் எழுதி மறு நூலை விட்டுவிட்டார்கள்.

அண்மைக் காலத்துக்கு வருவோம். 2015 ஜூனில் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் ஒரு தலித் பொறியியல் பட்டதாரியின் உடல் கிடந்தது. சந்தேக மரணம் என்று முதலில் எழுதினார்கள். தற்கொலைக் கடிதம் ஒன்றும் இருந்தது. தாயாரும் தோழர்களும் விடாப்பிடியாக நின்று போராடினார்கள். அதன் பிறகே அது கொலை வழக்காயிற்று, சி.பி.சி.ஐ.டி. விசாரணைக்குப் போயிற்று. 2022 மார்ச்சில் மதுரை தனி நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. 2023 ஜூனில் ஐகோர்ட் அதை உறுதி செய்தது. அந்தத் தாய் முதல் நாளே வாய் மூடியிருந்தால்? அரசாங்கக் கணக்கில் ஒரு தற்கொலை கூடியிருக்கும். ஒரு சாதிக் கொலை குறைந்திருக்கும். தாயார் போராட முடியாத எத்தனை பிணங்கள் அந்தக் கணக்கில் கிடக்கின்றனவோ!

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1990 ஜனவரி 30 முதல் நடப்பில் இருக்கிறது. 2015-இல் திருத்தப்பட்டு, 2016 ஜனவரி 26 முதல் அதிகப் பல்லும் நகமும் பெற்றது. வாய்மொழியாகச் சொன்ன புகாரை எழுதி, சொன்னவருக்கே படித்துக் காட்ட வேண்டும். வழக்குப் பதிய வேண்டும். நகலை இலவசமாகத் தர வேண்டும். 60 நாளில் விசாரித்துக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். இவை அதிகாரியின் தயவு அல்ல, 4-ஆவது பிரிவு விதித்த கடமை. வேண்டுமென்றே தவறினால் அந்த அதிகாரிக்கே ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை. ஸ்டேஷனில் வாங்க மறுத்தால் ஜில்லா சூப்பிரண்டெண்டுக்குத் தபாலில் அனுப்பலாம் என்கிறது 1995-ஆம் ஆண்டு விதிகளின் 5-ஆவது விதி. விசாரிப்பவர் டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறைந்தவராக இருக்கக் கூடாது. கலெக்டர் தலைமையில் ஜில்லா கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும். முதல் மந்திரி தலைமையில் மாநிலக் குழு ஜனவரியிலும் ஜூலையிலும் கூட வேண்டும்.

நிவாரணத்தையும் மறந்துவிடக் கூடாது. 2016 விதிகளின்படி, குற்றத்துக்கேற்ப 85,000 ரூபாய் முதல் 8,25,000 ரூபாய் வரை நிவாரணம் உண்டு. முதல் தகவல் அறிக்கையிலிருந்து கட்டம் கட்டமாக அது வழங்கப்பட வேண்டும். ஆக, அந்த முதல் தாளில் சரியான பிரிவை எழுதாமல் விட்டால், நீதியும் போயிற்று, எரிந்த கூரைக்குக் கிடைக்க வேண்டிய ஓலையும் போயிற்று!

கணக்கு எங்கே போய்ச் சேருகிறது என்று பார்ப்போம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் ஒரு தொகுப்பு வெளியிடுகிறது. தாழ்த்தப்பட்டோருக்கு எதிரான குற்றங்கள் 2020-இல் 50,291, 2021-இல் 50,900, 2022-இல் 57,582, 2023-இல் 57,789 என்கிறது. 2023-ஆம் ஆண்டின் கணக்கு 2025 செப்டம்பரில்தான் வெளிவந்தது. தீ அணைந்து இரண்டாண்டு கழித்து மணியடிக்கும் தீயணைப்பு நிலையம் இது!

2014 முதல் கொலைக்கான காரணங்களில் ஆணவக் கொலையையும் ஒன்றாகக் காப்பகம் சேர்த்தது. நல்லதுதான். ஆனால் அதே பட்டியலில் "குடும்பத் தகராறு", "காதல் விவகாரம்" என்ற கட்டங்களும் இருக்கின்றன. எந்தக் கட்டத்தில் கோடு போடுவது என்பது போலீஸ் கையில். இன்னொரு ஓட்டையும் உண்டு. வேறு சாதிப் பையனை விரும்பிய பெண்ணை, ஆதிக்க சாதியைச் சேர்ந்த அவள் தந்தையே கொன்றால், அவள் கொலைக்கு வன்கொடுமைச் சட்டம் பொருந்தாது. அந்தச் சட்டம் தாழ்த்தப்பட்டோரும் பழங்குடியினரும் பாதிக்கப்பட்டால்தான் பாயும். சாதி வெறிக்குப் பலியான அந்தப் பெண் சாதிக் கொடுமைக் கணக்கில் எங்குமே இல்லை! தனிச் சட்டம் வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டுமா?

கும்பல் கொலைகளின் கதை இதைவிட மோசம். அவற்றைத் தடுக்க வழிமுறைகள் வகுத்து 2018 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. 2019 அக்டோபரில் காப்பகத்தின் 2017-ஆம் ஆண்டுத் தொகுப்பு வந்தபோது கும்பல் கொலைக் கணக்கைக் காணோம். திரட்டிய விவரம் நம்பத் தகுந்ததாக இல்லை, ஆகவே திரட்டுவதை நிறுத்திவிட்டோம் என்று 2021 டிசம்பரில் மத்திய சர்க்கார் பார்லிமெண்டில் சொன்னது. தராசு சரியில்லை என்றால் தராசைச் சரி செய்வார்களா, எடை போடுவதையே விடுவார்களா? 2024 ஜூலை முதல் நடப்புக்கு வந்த புதிய தண்டனைச் சட்டம், இனம், சாதி போன்ற காரணங்களுக்காக ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து செய்யும் கொலையை 103-ஆவது பிரிவில் தனியாகக் கூறுகிறது. குற்றத்துக்குப் பெயர் வந்துவிட்ட பின், கணக்கும் வந்தே தீர வேண்டும்.

வெளிநாட்டைப் பார்ப்போம். 1993-இல் லண்டனில் ஸ்டீபன் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞரை வெள்ளை வெறியர்கள் குத்திக் கொன்றார்கள். போலீஸ் விசாரணை சீர்கெட்டுப் போயிற்று. அதை ஆராய்ந்த மாக்ஃபர்சன் குழு 1999-இல் ஓர் எளிய விதியைச் சொன்னது: பாதிக்கப்பட்டவரோ வேறு எவருமோ ஒரு சம்பவத்தை இனவெறிச் சம்பவம் என்று கருதினால், போலீஸ் அதை அப்படியே பதிய வேண்டும். நிரூபணமாகிறதா இல்லையா என்பது பின்னால் வரும் வேலை. அமெரிக்காவில் 1990-லேயே வெறுப்புக் குற்றங்களைக் கணக்கெடுக்கச் சட்டம் போட்டார்கள். ஆனால் உள்ளூர்ப் போலீஸ் கணக்கு அனுப்பியே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. பலன்? அனுப்புகிற இலாகாக்களிலும் பெரும்பாலானவை பூஜ்யம் என்று எழுதி அனுப்புகின்றன. இந்த இரண்டிலிருந்தும் நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்றே. பதிவது வேறு, தீர்ப்பளிப்பது வேறு. எழுதுகிறவன் நீதிபதியாகிவிடக் கூடாது. எழுதாமல் தப்பிக்கவும் அவனுக்கு வழி வைக்கக் கூடாது.

"அப்படியானால் பொய்ப் புகார் பெருகாதா?" என்று கேட்பார்கள். 2018 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டே இந்தக் கவலையில், பதிவுக்கு முன் பூர்வாங்க விசாரணை செய்யலாம் என்று சொன்னது. நாடு முழுவதும் கொந்தளிப்பு எழுந்தது. பார்லிமெண்ட் அதே ஆண்டு 18-ஏ பிரிவைச் சேர்த்து, பூர்வாங்க விசாரணை தேவையில்லை என்று திட்டவட்டமாக்கியது. 2019 அக்டோபரில் கோர்ட்டும் தன் உத்தரவைத் திரும்பப் பெற்றது. பொய்ப் புகாரைத் தள்ளக் கோர்ட் இருக்கிறது; எழுதப்படாத மெய்ப் புகாரைத் தூக்கி நிறுத்த யார் இருக்கிறார்?

அதிகாரிகளின் அச்சம் வேறு. வழக்கு எண்ணிக்கை கூடினால் ஜில்லாவுக்குக் கெட்ட பெயர் என்று அஞ்சுகிறார்கள். எண்ணிக்கை குறைந்தால் மந்திரிகளும் மார்தட்டுகிறார்கள். இந்த அளவுகோலே தவறு. கொத்தடிமை என்பதே இங்கில்லை என்று தமிழக சர்க்கார் ஒரு காலத்தில் சாதித்தது. 1995-இல் சுப்ரீம் கோர்ட்டின் ஆணையர்கள் பத்து லட்சத்துக்கு மேல் என்று மதிப்பிட்டார்கள். முன்பணத்துக்காகப் பட்டுத் தறிகளில் அடகு கிடந்த காஞ்சிபுரத்துப் பிள்ளைகளும் அந்த இருட்டில் இருந்தவர்களே. எண்ணத் தொடங்கிய பிறகுதான் மீட்பும் தொடங்கியது. ஆகவே பதிவு கூடுவது, பல இடங்களில், பயம் குறைவதன் அடையாளம்.

காஞ்சிக்குத் தெற்கே உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றிப் பெருமை பேசாதவர் இல்லை. ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன் குடவோலைத் தேர்தல் நடத்தினோம் என்கிறார்கள். நிலமும் வேதப் படிப்பும் இல்லாதவனுக்கு அந்தச் சபையில் இடமில்லை என்பதைச் சொல்லாமல் விழுங்குவார்கள். ஆனாலும் அந்தக் கல்லில் ஒரு நல்ல விதி உண்டு: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் இடக் கூடாது! கணக்குக் காட்டாத கண்காணிப்புக் குழுவை இன்று என்ன செய்வது?

ஆகவே நாம் கேட்பது இவை. வன்கொடுமைப் புகாருக்கு சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து அனுப்பும் வழக்கம் ஒழிய வேண்டும். ஸ்டேஷன் வாரியாக வந்த புகார், பதிந்த வழக்கு, மூடிய வழக்கு, மூடிய காரணம் ஆகிய விவரங்களை மாதந்தோறும் ஜில்லாவில் வெளியிட வேண்டும். சமரசத்தில் முடிந்ததைப் பொய் என்று எழுதக் கூடாது. கலெக்டர் குழு கூடிய தேதியும் எடுத்த முடிவும் மக்கள் பார்வைக்கு வர வேண்டும். பதிய மறுத்த அதிகாரி மீது 4-ஆவது பிரிவு பாய வேண்டும். வரப்போகும் ஆணவக் கொலைச் சட்டத்தில், எந்தச் சாதிப் பெண்ணாயினும் ஆணாயினும் கணக்கில் ஏறும்படி பதிவு முறை இருக்க வேண்டும்.

தோழர்களே! சர்க்காரிடம் கேட்டுவிட்டு நாம் சும்மா இருக்க முடியாது. ஸ்டேஷன் வாசலில் சமாதானம் பேசும் கரை வேட்டிகளில் நம்மவரே இல்லையா? "நம்ம சங்கத்துக்காரர், ஒரு தடவை விட்டுவிடுங்கள்" என்று சிபாரிசு போனதே இல்லையா? நூலுக்கு எடை குறைந்தால் முதலாளியிடம் மல்லுக்கு நிற்கும் நாம், சேரித் தோழனின் புகாரில் எழுத்துக் குறைந்தால் வாய் மூடுவது எந்த ஊர் நியாயம்? சாதியை மறைத்துக் காப்பாற்றும் ஒற்றுமை தொழிலாளர் ஒற்றுமை ஆகாது. முதல் இழுப்பிலேயே அறுந்துவிடும்.

கிளைதோறும் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். நாள், இடம், நடந்தது, புகார் கொடுத்த தேதி, ஸ்டேஷனில் சொன்ன பதில், எல்லாவற்றையும் எழுதுங்கள். புகாரை இரண்டு பிரதி எடுங்கள். வாங்க மறுத்தால் அன்றே பதிவுத் தபாலில் சூப்பிரண்டெண்டுக்கு அனுப்புங்கள். பாதிக்கப்பட்டவரோடு படிக்கத் தெரிந்த ஒரு தோழர் கூடப் போகட்டும். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லட்டும். நகலை வாங்கிக்கொண்டு திரும்பட்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அந்த நோட்டை எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் வாசலில் நில்லுங்கள். அவர்கள் ஏட்டையும் நம் ஏட்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைக்கச் சொல்லுங்கள். எந்த ஏடு பொய் சொல்கிறது என்பதை நாடு பார்க்கட்டும்!