மறதியை மன்னிக்கலாம், இதை முடியாது

1/ கொரியன் டிராமான்னாலே "விபத்து, மறதி, அழுகை"ன்னு கிண்டல் பண்றவங்களுக்கு ஒரு டாக்டரா சொல்றேன்: அந்த மறதியை மன்னிச்சு விட்டுடலாம்.

2/ 'பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ்' (2009) நாயகன் வண்டி மோதி எழுந்ததும் காதலியை மட்டும் மறந்துபோவான். தலையில் அடிபட்டால் பெரும்பாலும் போவது விபத்தை ஒட்டிய நேரத்து நினைவுதான். ஒரே ஒரு ஆளை மட்டும் தேடி அழிக்கிற ரப்பர் மூளைக்குள் கிடையாது. சரி, சிரிச்சிட்டுப் போயிடலாம்.

3/ சிரிக்க முடியாதது வேற. அதே நாயகன்தான் முன்னாடி அவளுக்குச் சிவப்பு அட்டை கொடுத்து, பள்ளிக்கூடமே சேர்ந்து அவளை வதைக்க வைத்தவன். கேட்டா, "உள்ளுக்குள்ள நல்லவன்".

4/ "அப்படி இல்லன்னா கதையில சுவாரஸ்யம் ஏது?"ன்னு கேட்காதீங்க. சீனத் தொடர் 'லவ் ஓ2ஓ' (2016) பாருங்க. வதந்தி கிளம்பினாலும் நாயகன் அவளைச் சந்தேகப்படுவதில்லை. 'கிராஷ் லேண்டிங் ஆன் யூ'வில் ராணுவ கேப்டன் காபிக்கொட்டையைக் கையால் அரைத்துக் காபி போட்டுத் தருவார். இதையும் நாம்தானே உருகி உருகிப் பார்த்தோம்?

5/ தாராளமா பாருங்க. மணிக்கட்டைப் பிடித்துத் தரதரன்னு இழுக்கிற காட்சி வந்தா, பக்கத்துல இருக்கிற பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க: "இது காதல் இல்ல." நாயகனோட மறதி டிவியோட முடிஞ்சிடும். இது வீட்டுக்குள்ள வரும்.