பழைய வண்டிக்குப் புது வண்டியின் நிறமா?

பம்பரில் ஒரு கீறல். பட்டறைக்காரர் வண்டியின் கலர் நம்பரைப் பார்த்துப் பெயிண்ட் வாங்கி அடிக்கிறார். அடித்த இடம் தேமல் போலத் தனியாகத் தெரிகிறது. "வண்டி பழசு சார், முழுசா அடிச்சாத்தான் சரிவரும்" என்கிறார். இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அந்த நம்பர் சொல்வது தொழிற்சாலையில் அடித்த நிறத்தை. 15 வருட வெயிலில் வெளுத்த நிறம் அதில் எப்படி இருக்கும்? பெட்ரோல் மூடியைக் கழற்றி, அழுக்குப் போகப் பாலிஷ் போட்டு, கடைக்கு எடுத்துப்போய், அதைப் பார்த்துக் கலக்கச் சொல்ல வேண்டும். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் வேறு நிறம். ஆகவே காய்ந்த பிறகு, பகல் வெளிச்சத்தில், பம்பரோடும் ஒப்பிட வேண்டும். தகரமும் பிளாஸ்டிக்கும் ஒரே மாதிரி வெளுப்பதில்லை. பிளாஸ்டிக்குக்கு உரிய பிரைமர் இல்லாவிட்டால் பெயிண்ட் உரிந்தும் போகும்.

ஓரத்துக் கறுப்புப் பட்டைகள் சாம்பல் பூத்திருந்தால் பளபளக்கும் கறுப்பை அடிக்கிறார்கள். நரைத்த மீசைக்கு ஷூ பாலிஷ்! அங்கே மங்கல் கறுப்புத்தான் பொருந்தும்.

கண் செய்யவேண்டிய வேலையை நம்பரிடம் விட்டுவிட்டு, செலவை வண்டிக்காரர் தலையில் கட்டுவது தொழில் அல்ல.