அரிசி சுமந்த தோள்கள்

1944 டிசம்பர் 22-ஆம் தேதி, வியத்நாமின் வடகோடியிலுள்ள காவ் பாங் காட்டில், முன்னாள் சரித்திர உபாத்தியாயரான வோ நிகுயென் ஜியாப் ஒரு படையைத் தொடங்கியபோது அதில் இருந்தவர்கள் 34 பேர். அவர்கள் கையில் இருந்தவை பழந்துப்பாக்கிகள். பத்தாண்டு நிறையுமுன், 1954 மே 7-ஆம் தேதி, டியன் பியன் பூ பள்ளத்தாக்கிலிருந்த பிரெஞ்சுச் சைன்யத்தை அந்தப் படை வீழ்த்திற்று.

சீனா அனுப்பிய பீரங்கிகளே இதற்குக் காரணம் என்று சொல்லி முடித்துவிடுவோர் பலர். 1949-க்குப் பிறகு எல்லைக்கு அப்பாலிருந்து ஆயுதமும் பயிற்சியும் வந்தது மறுக்கவொண்ணாத உண்மை. ஆயினும் பீரங்கி தானாக மலை ஏறாது. அத்தனை தொலைவில் ஒரு பெரும் படையைச் சோறு போட்டு நிறுத்த எதிரியால் இயலாது என்று பிரெஞ்சுத் தளபதி நவார் போட்ட கணக்கில், ஜனங்களின் தோள்வலிமை இடம்பெறவில்லை.

சைக்கிளின் கைப்பிடியில் மூங்கில் கழியைக் கட்டி நீட்டி, ஆசனத்தண்டில் இன்னொரு கழியைச் செருகி, 200 கிலோவுக்கு மேல் அரிசியை ஏற்றி, ஏறி மிதிக்க வழியின்றிப் பக்கத்தில் நடந்தே தள்ளியும், தோளில் சுமந்தும், பகலில் விமானங்களுக்கு அஞ்சிக் காட்டில் பதுங்கி, இரவில் மலைப்பாதை கடந்த ஆண்களும் பெண்களும் இரண்டரை லட்சத்துக்கு மேல் என்பது வியத்நாமியர் கணக்கு. போகும் வழியில் அவர்களே உண்டது போக எஞ்சியதுதான் போர்முனைக்குச் சேர்ந்தது.

அவர்கள் ஏன் சுமந்தார்கள்? 1945-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் மாண்டுகொண்டிருக்க, பூட்டிய நெற்களஞ்சியங்களை உடைத்து ஏழைகளுக்குப் பங்கிட்டவர்கள் ஜியாபின் படை சார்ந்திருந்த வியத்மின் இயக்கத்தார்; குத்தகையைக் குறைத்து, 1953 டிசம்பரில் நிலச்சீர்திருத்தச் சட்டமும் இயற்றினார்கள். உழுபவனின் பசியை அலட்சியம் செய்துவிட்டு ஆயுதக் கடத்தலை மட்டும் தடுக்க முனையும் எந்த அரசாங்கமும், கலகத்தின் வேரை விட்டுக் கிளையை வெட்டுகிறது என்பதே என் திடமான அபிப்பிராயம்.

இதனால் அந்த இயக்கத்தைப் புனிதமாக்கிவிடலாகாது. சுமை தூக்கியதில் பக்தியோடு நிர்ப்பந்தமும் கலந்திருந்தது. நிலச்சீர்திருத்தத்தின் பெயரால், இயக்கத்துக்கு உதவியவர்கள் உட்பட நிரபராதிகள் பலர் ஜமீன்தார்கள் என்று குற்றஞ்சாட்டப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். நேர்மையானவர்கள் பலர் அநியாயமாகத் தண்டிக்கப்பட்டதை 1956 அக்டோபரில் இயக்கத்தை நடத்திய கம்யூனிஸ்ட் கட்சியின் சார்பில் ஜனங்கள் முன்னிலையில் ஒப்புக்கொள்ள நேர்ந்தவர், டியன் பியன் பூவை வென்ற அதே ஜியாப்.